ப்ளேக்கின் 'லண்டன்' கவிதையை அலசுவது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

ஆங்கில இலக்கியம் படிக்கிறவர்கள் வில்லியம் ப்ளேக்கின் 'லண்டன்' கவிதையை எங்காவது ஓரிடத்தில் சந்தித்தே தீருவார்கள். மொத்தம் 16 வரிகள்தான். கடினமான சொற்கள் அதிகம் இல்லை. ஆனால் இதைப் பற்றி எழுதச் சொன்னால் பலரும் "தொழிற்புரட்சிக் கால லண்டனின் சமூகக் கொடுமைகளை இக்கவிதை சித்திரிக்கிறது" என்று தொடங்கி, குழந்தைத் தொழில், வறுமை, பாலியல் தொழில் என்று பட்டியல் போட்டு முடித்துவிடுகிறார்கள். அப்படி ஒரு பட்டியலை எழுதக் கவிதையைப் படித்திருக்கவே தேவையில்லை. போதாததற்கு, இந்தக் கவிதையில் ஒரு தொழிற்சாலைகூடக் கிடையாது.

ப்ளேக் கொடுமைகளை வரிசையாக அடுக்கவில்லை. ஒவ்வொரு துயரக் குரலும் யார் வாசலில் போய் விழுகிறது என்று காட்டுகிறார். அந்தக் குரல்களை இலக்கணத்தை வைத்தே பின்தொடர்ந்து போகும் வழியைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்லப்போகிறேன்.

படி 1: உரைநூலை மூடிவிட்டு, உரக்கப் படியுங்கள்

குறிப்புகள் எதையும் பார்க்காமல் மூலக் கவிதையை இரண்டு மூன்று முறை வாய்விட்டுப் படியுங்கள். பிறகு ஒவ்வொரு பத்திக்கும் உங்கள் சொந்தத் தமிழில் பொருள் எழுதிக்கொள்ளுங்கள். அழகாக இருக்க வேண்டியதில்லை. நான் எழுதினால் இப்படி வரும்:

பட்டயத்துக்கு உட்பட்ட ஒவ்வொரு தெருவிலும் அலைகிறேன். பட்டயத்துக்கு உட்பட்ட தேம்ஸ் அருகில் ஓடுகிறது. எதிர்ப்படும் ஒவ்வொரு முகத்திலும் குறிக்கிறேன், தளர்ச்சியின் குறிகளை, துயரத்தின் குறிகளை.

ஒவ்வொரு மனிதனின் ஒவ்வொரு ஓலத்திலும், ஒவ்வொரு சிசுவின் அச்சக் குரலிலும், ஒவ்வொரு பேச்சிலும், ஒவ்வொரு தடையிலும், மனம் வார்த்த விலங்குகளின் ஓசையைக் கேட்கிறேன்.

புகைபோக்கி துடைக்கும் சிறுவனின் குரல், கறுத்துவரும் ஒவ்வொரு தேவாலயத்தையும் எப்படி அதிரவைக்கிறது. நாதியற்ற படைவீரனின் பெருமூச்சு எப்படி அரண்மனைச் சுவர்களில் ரத்தமாய் வழிகிறது.

எல்லாவற்றையும்விட, நள்ளிரவுத் தெருக்களில் நான் கேட்பது: இளம் விலைமகளின் சாபம் பிறந்த குழந்தையின் கண்ணீரை எப்படிக் கருக்குகிறது, திருமணச் சவவண்டியை எப்படிக் கொள்ளைநோயால் பாழாக்குகிறது.

இப்படி எழுதும்போது எந்தச் சொல்லில் பேனா நின்றதோ அதை அடிக்கோடிடுங்கள். அநேகமாகப் பட்டயம், தடை, மனம் வார்த்த விலங்கு, திருமணச் சவவண்டி ஆகிய நான்கும் உங்கள் பட்டியலில் இருக்கும். உங்கள் கட்டுரைக்கான முடிச்சுகள் அங்கேதான் இருக்கின்றன.

படி 2: யார் பேசுகிறார், என்ன செய்கிறார்?

கவிதையில் வரும் 'நான்' அலைகிறான், சந்திக்கிறான், குறிக்கிறான், கேட்கிறான். 'அலைகிறேன்' என்பதால் அவனுக்குப் போக ஓர் இடம் இல்லை. ஒருவரிடமும் அவன் பேசவில்லை, ஒருவருக்கும் உதவவில்லை. அவனை அவசரப்பட்டு ப்ளேக் என்று அழைத்துவிடாதீர்கள். 'பேசுபவன்' என்றே எழுதுங்கள்.

முதல் பத்தியில் அவன் பார்க்கிறான். இரண்டாம் பத்தியிலிருந்து கடைசிவரை அவனுடைய வேலை கேட்பது மட்டும்தான். கண்ணிலிருந்து காதுக்கு நடக்கும் இந்த மாற்றத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பார்க்கப் பிடிக்காவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். காதை அப்படித் திருப்ப முடியாது. மூன்றாம் பத்தியின் நான்கு வரிகளுடைய முதல் எழுத்துகளையும் மேலிருந்து கீழாகக் கூட்டிப் படித்தால் ஆங்கிலத்தில் 'கேள்' என்று பொருள்படும் 'ஹியர்' என்ற சொல் கிடைக்கும். அதற்கு முந்தைய பத்தி முடிவதும் அதே சொல்லில்தான். ப்ளேக் திட்டமிட்டுச் செய்தாரா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. கட்டுரையில் ஒரு வரியில் சுட்டலாம், வாதம் முழுவதையும் அதன் மேல் கட்ட வேண்டாம்.

படி 3: திரும்பத் திரும்ப வரும் சொற்களை எண்ணுங்கள்

'ஒவ்வொரு' என்று பொருள்படும் 'எவ்ரி' கவிதையில் ஏழு முறை வருகிறது. அதில் ஐந்து இரண்டாம் பத்தியிலேயே. தண்டியலங்காரம் படித்தவர்களுக்கு இது சொற்பொருள் பின்வருநிலை அணி என்று உடனே தெரியும்: அதே சொல், அதே பொருள், மறுபடி மறுபடி. விதிவிலக்கு யாருக்கும் இல்லை என்பதை இந்த அடுக்கு வாதிடாமலே நிறுவிவிடுகிறது.

'மார்க்' என்ற சொல் வேறு விதம். முதலில் வினை, 'குறிக்கிறேன்'. அடுத்த வரியில் இரண்டு முறை பெயர்ச்சொல், 'குறிகள்'. சொல் ஒன்று, பொருள் வேறு. பார்ப்பவனின் செயலுக்கும் பார்க்கப்படுகிறவர்களின் காயத்துக்கும் ஒரே சொல் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. அவனும் இந்த நகரத்துக்கு வெளியே நின்று பேசவில்லை. விவிலியம் தெரிந்தவர்களுக்கு எசேக்கியேல் ஒன்பதாம் அதிகாரம் நினைவுக்கு வரும். நகரத்தின் அருவருப்புகளைக் கண்டு பெருமூச்சுவிட்டு அழுகிறவர்களின் நெற்றியில் அடையாளம் இடும்படி ஒருவனுக்கு அங்கே கட்டளை பிறக்கிறது. அங்கே அந்த அடையாளம் அவர்களைக் காக்கிறது. ப்ளேக்கின் லண்டனில் அது யாரையும் காப்பாற்றவில்லை.

படி 4: எழுதி அடித்ததைப் பாருங்கள்

கவிஞர் எதை எழுதி எதை மாற்றினார் என்பது தெரிந்தால் அதைவிட நல்ல சான்று கிடைக்காது. ப்ளேக் கவிதைகளை எழுதிப் பார்த்து, அடித்துத் திருத்திய கையேடு இன்றும் இருக்கிறது. அதில் முதல் வரி "அழுக்குத் தெரு", இரண்டாம் வரி "அழுக்குத் தேம்ஸ்" என்றுதான் இருந்தது. பிறகு 'அழுக்கு' இரண்டு இடத்திலும் போய், 'பட்டயத்துக்கு உட்பட்ட' என்று பொருள்படும் 'சார்ட்டர்ட்' வந்தது.

பட்டயம் என்பது அரசர் வழங்கும் உரிமை ஆவணம். லண்டன் மாநகராட்சி பட்டயங்களின் பலத்தில் இயங்கியது. ஆங்கிலேயர் அதைத் தங்கள் சுதந்திரத்தின் அடையாளமாகப் பெருமையோடு பேசினார்கள். அரசியல் எழுத்தாளர் தாமஸ் பெய்ன் 1791, 1792 ஆண்டுகளில் இரண்டு பாகங்களாக வெளியிட்ட 'மனித உரிமைகள்' நூலில் இதைத் தலைகீழாக்கினார். உரிமை எல்லாருக்கும் இயல்பாகவே உள்ளது; பட்டயம் அதைப் பெரும்பான்மையிடமிருந்து பறித்துச் சிலர் கையில் விட்டுவிடுகிறது என்பது அவர் வாதம். ப்ளேக் அந்தச் சொல்லைக் கையில் எடுத்த காலமும் இதுதான். அழுக்கைக் கழுவிவிடலாம். ஓடும் ஆற்றுக்கே உரிமையாளர் உண்டு என்றால்? வரைபடத்தில் அளந்து கோடு போட்டது என்ற பொருளும் 'சார்ட்டர்ட்' என்ற ஒலியில் நிழலாக இருக்கிறது.

தமிழ் வாசகருக்குப் பட்டயம் தூரத்துச் சங்கதி இல்லை. 1600-ல் எலிசபெத் அரசி கொடுத்த பட்டயத்தில் பிறந்ததுதான் கிழக்கிந்தியக் கம்பெனி. லண்டனில் லெடன்ஹால் தெருவில் அதற்குத் தலைமை அலுவலகம், சென்னையில் புனித ஜார்ஜ் கோட்டை. கவிதை அச்சாவதற்கு முந்தைய ஆண்டான 1793-ல்தான் அந்தப் பட்டயம் மேலும் 20 ஆண்டுகளுக்குப் புதுப்பிக்கப்பட்டது. கவிதை கம்பெனியைக் குறிப்பிடுகிறது என்று எழுதிவிடாதீர்கள். அப்படி ஒரு வரி அதில் இல்லை. பட்டயம் என்ற சொல்லுக்கு அன்றைக்கு எவ்வளவு கனம் இருந்தது என்பதைப் புரிந்துகொள்ள மட்டும் இது உதவும்.

படி 5: 'மனம் வார்த்த விலங்குகள்': இங்கே நிதானமாக நில்லுங்கள்

கவிதையில் அதிகம் மேற்கோள் காட்டப்படும் தொடர் இது. அதிகம் தவறாகப் படிக்கப்படுவதும் இதுதான். "மக்கள் தங்கள் மனதாலேயே தங்களைக் கட்டிப்போட்டுக்கொண்டார்கள், மனதை மாற்றினால் விடுதலை" என்று ஒரு விளக்கம் சுற்றிவருகிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அது பாதிக்கப்பட்டவர்கள் மீதே பழியைத் திருப்பிவிடுகிறது.

கவிதை அப்படிச் சொல்கிறதா? மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

ஒன்று, 'மனம்' என்ற சொல்லுக்கு அங்கே உடைமையாளர் கிடையாது. யாருடைய மனம் என்று ப்ளேக் சொல்லவில்லை. அடிபணிந்தவனின் மனமாக இருக்கலாம். சட்டம் எழுதியவனின் மனமாகவும், பிரசங்கம் செய்தவனின் மனமாகவும் இருக்கலாம்.

இரண்டு, கையேட்டில் இந்த இடத்தில் முதலில் இருந்தது "ஜெர்மனியில் வார்த்த" சங்கிலிகள். மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் குடும்பம் ஜெர்மனியின் ஹனோவரிலிருந்து வந்தது. பிரிட்டன் ஜெர்மன் கூலிப்படைகளையும் பயன்படுத்தியது. ஆக, தொடக்கத்தில் இது அப்பட்டமான அரசியல் வரி. ஒரு மன்னர் குடும்பத்தோடு நின்றுவிடக்கூடிய குற்றச்சாட்டை, ஓர் ஆட்சி போனாலும் போகாத ஒன்றாக ப்ளேக் விரித்திருக்கிறார். அரசியலைக் கைவிட்டுத் தத்துவத்துக்குப் போய்விட்டார் என்று இதைப் படிக்க எனக்குச் சம்மதமில்லை.

மூன்று, இதற்கு முந்தைய வரி 'பேன்' என்ற சொல்லில் முடிகிறது. அது அரசாங்கத் தடை. 1792 மே மாதம் ராஜதுரோக எழுத்துகளுக்கு எதிராக அரச அறிவிப்பு வந்தது. பெய்ன் மீது வழக்குப் பாய்ந்தது, அவர் பிரான்ஸுக்குப் போய்விட்டார். அந்தச் சொல்லுக்குச் சாபம் என்ற பொருளும் உண்டு. தேவாலயத்தில் வாசிக்கப்படும் திருமண அறிவிப்பையும் அதே ஒலியுள்ள சொல்லால்தான் அழைப்பார்கள். மூன்று பொருளையும் தாங்கும் சிலேடை. கவிதையின் இறுதிப் பத்தியில் சாபமும் திருமணமும் வரப்போவதை இது முன்கூட்டியே காட்டிவிடுகிறது. தடை என்ற சொல்லுக்கு அடுத்த மூச்சிலேயே விலங்கு வருகிறது என்றால், அதை மனித மனத்தின் பலவீனம் என்று மட்டும் எப்படிச் சுருக்குவது?

கட்டுரையில் இரண்டு வாசிப்பையும் வையுங்கள். வைத்துவிட்டு, எது வலுவானது என்று நீங்களே சொல்லுங்கள். "பல விளக்கங்கள் உள்ளன" என்று நழுவ வேண்டாம்.

படி 6: எழுவாய், செயப்படுபொருள், பயனிலை

மூன்றாம் பத்திக்கு இந்தப் பள்ளிக்கூடக் கருவி போதும். சிறுவனின் குரல்தான் எழுவாய். தேவாலயம் செயப்படுபொருள். அதிரவைக்கிறது என்பது பயனிலை. நமக்கு இந்த வரிசை இயல்பாகத் தோன்றுவதால் கவனிக்காமல் கடந்துவிடுவோம். ஆங்கிலத்தில் இது புரட்டிப்போட்ட வரிசை. இரண்டாவது வரியை மட்டும் தனியாகப் படித்தால் "ஒவ்வொரு தேவாலயமும் அதிரவைக்கிறது" என்றும் பொருள் வரும். குரல் தேவாலயத்தை உலுக்குகிறது. தேவாலயத்தைப் பார்த்து நாம் திடுக்கிடுகிறோம். இரண்டும் ஒரே வரியில்.

பயனிலையாக நிற்கும் 'அப்பால்ஸ்' என்ற சொல்லுக்குள் வெளிறிப்போதல் இருக்கிறது. சவப்பெட்டி மேல் போர்த்தும் துணியைக் குறிக்கும் சொல்லும் கேட்கிறது. கறுத்துக்கொண்டே வரும் தேவாலயம் வெளிறுகிறது என்றால், இது முரண். கறுப்பு எங்கிருந்து வந்தது? அந்தச் சிறுவன் துடைக்கும் அதே கரியிலிருந்து.

இந்தச் சிறுவர்களைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். குறுகலான புகைபோக்கிக்குள் ஏறச் சின்ன உடம்பு தேவைப்பட்டது. ஏழைப் பெற்றோர் பிள்ளைகளைப் பணத்துக்குக் கொடுத்துவிடுவார்கள். அனாதைக் குழந்தைகளும் இந்தத் தொழிலுக்கு அனுப்பப்பட்டார்கள். 1788-ல் வந்த சட்டம் எட்டு வயதுக்குக் குறைந்தவர்களைச் சேர்க்கக் கூடாது என்றது, நடைமுறையில் பெரிதாக எதுவும் மாறவில்லை. இந்தத் தொழிலாளர்களுக்குக் கரியால் ஒருவகைப் புற்றுநோய் வருவதை பெர்சிவல் பாட் என்ற அறுவை மருத்துவர் 1775-லேயே எழுதியிருந்தார். தொழிலைத் தெருவில் கூவி அறிவிக்கும் சத்தமும் அழுகையும் ஆங்கிலத்தில் ஒரே சொல், 'க்ரை'. அந்தச் சிறுவன் வேலை கேட்டுக் கூவுவதே அழுகையாகக் கேட்கிறது.

அடுத்து படைவீரன். காற்றான பெருமூச்சு, திரவமான ரத்தமாகிறது. காதால் கேட்டது கண்ணுக்குத் தெரிகிறது. எங்கோ நடக்கும் போரின் ரத்தம் அரண்மனையின் சுவரில் வழிகிறது. 1792 ஆகஸ்ட் 10 அன்று பாரிஸில் டுயிலெரி அரண்மனை தாக்கப்பட்டு ஸ்விஸ் காவலர்கள் கொல்லப்பட்டதும், 1793 பிப்ரவரியில் பிரிட்டனும் பிரான்ஸும் போரில் இறங்கியதும் அன்றைய வாசகர் மனதில் இருந்திருக்கும். ஆனாலும் படைவீரனை ப்ளேக் வில்லனாக்கவில்லை. 'நாதியற்றவன்' என்கிறார்.

படி 7: கடைசிப் பத்தி

"எல்லாவற்றையும்விட" என்று தொடங்குவதால் கவிதையின் உச்சம் இதுதான். மூன்றாம் பத்தியில் கண்ட இலக்கணமே தொடர்கிறது: எழுவாய் சாபம், அது போய் விழும் இடம் திருமணம். குரல், பெருமூச்சு, சாபம் என்று மூன்று ஒலிகள். தேவாலயம், அரண்மனை, திருமணம் என்று மூன்று நிறுவனங்கள். இந்த இணைகளை உங்கள் தாளில் ஒரு சிறு அட்டவணையாகப் போட்டுக்கொண்டால் கட்டுரையின் முதுகெலும்பு தயார்.

சாபம் என்பது அவள் வாயிலிருந்து வரும் வசையாகவும் இருக்கலாம், பால்வினை நோயாகவும் இருக்கலாம். தாய்க்கு மேகவெட்டை இருந்தால் பிறக்கும் குழந்தையின் கண்ணில் தொற்று ஏற்பட்டுப் பார்வையே போகக்கூடும். கண்ணீர் கருகுவதை விமர்சகர்கள் பலர் அப்படித்தான் படிக்கிறார்கள். அவளிடம் வந்துபோன கணவன் நோயை வீட்டுக்குக் கொண்டுபோகிறான். அந்தக் கணவன் கவிதையில் ஒரு சொல்லாகக்கூட வருவதில்லை, ஆனால் அவன் இல்லாமல் இந்தப் பத்தி நடக்காது. இந்த மௌனத்தை எழுதுங்கள். "விலைமகள் சமூகத்தைக் கெடுக்கிறாள்" என்று படித்தால் கவிதையையே தலைகீழாக்கிவிடுவோம். 'இளம்' என்ற ஒரு அடைமொழியே அதைத் தடுக்கிறது. அவளும் நேற்றுவரை குழந்தை.

கடைசிச் சொல் 'ஹெர்ஸ்', சவவண்டி. மணமக்கள் போகும் வண்டியும் பிணம் போகும் வண்டியும் ஒன்றாகிவிட்ட முரண்தொடை. கையேட்டில் இதே பத்தியின் ஒரு வடிவத்தில் சாபம் திருமணச் சவவண்டியைச் சுற்றி 'நெய்கிறது'. மென்மையான அந்த வினையை எடுத்துவிட்டு, கொள்ளைநோயால் பாழாக்குகிறது என்று ப்ளேக் கடுமையாக்கினார்.

படி 8: யாப்பு

யாப்பைப் பற்றி அது செய்யும் வேலையோடு சேர்த்துத்தான் எழுத வேண்டும். ஒன்றுவிட்டு ஒன்று இயையும் நான்கு வரிப் பத்திகள், வரிக்கு நான்கு அழுத்தங்கள். இரண்டாம் பத்தியின் எல்லா வரியிலும் எட்டு அசை. சங்கிலிக் கண்ணிகள் போல ஒரே அளவில் வருகின்றன, பேசுவதும் விலங்கைப் பற்றித்தான். மூன்றாம் பத்தியின் எல்லா வரியிலும் ஏழு அசைதான். மென்மையான முதல் அசை போய்விட்டதால் ஒவ்வொரு வரியும் அழுத்தத்தோடு தொடங்குகிறது. வேகம் கூடுகிறது, குற்றச்சாட்டு விழுகிறது. ஆங்கில அசையைத் தமிழ் நேர், நிரை அசைகளோடு குழப்பிக்கொள்ளாமல், உயிரொலிகளை விரலில் எண்ணிப் பார்த்தால் இது யாருக்கும் பிடிபடும்.

படி 9: கவிஞரும் ஓவியமும்

வாழ்க்கை வரலாற்றில் இரண்டே செய்திகள் போதும். ப்ளேக் 1757-ல் லண்டன் சோஹோவில் காலுறை வணிகர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர், செதுக்கோவியக் கலைஞர். இந்தக் கவிதைகளை வெளியிட்ட நாட்களில் தேம்ஸுக்குத் தெற்கே லாம்பெத்தில் குடியிருந்தார். 1789-ல் வெளிவந்த 'கள்ளமின்மைப் பாடல்கள்' தொகுப்போடு 1794-ல் 'அனுபவப் பாடல்கள்' சேர்ந்தது. 'லண்டன்' இரண்டாவதில் இருக்கிறது. கவிதையையும் படத்தையும் ஒரே செப்புத் தகட்டில் பொறித்து, அச்செடுத்துக் கையால் வண்ணம் தீட்டுவார்.

ஆகவே படத்தையும் பாருங்கள். ஊன்றுகோலோடு ஒரு முதியவர், அவருக்கு வழிகாட்டும் ஒரு குழந்தை. கீழே தீமூட்டிக் குளிர்காயும் ஒருவர். சொற்களில் யாரும் யாரையும் தொடவில்லை, படத்தில் ஒரு குழந்தை முதியவருக்கு வழிகாட்டுகிறது. இதை நம்பிக்கையாகப் படிப்பதா, மேலும் ஒரு துயரமாகப் படிப்பதா என்பதை நீங்கள் முடிவு செய்யலாம். நான் நம்பிக்கையின் பக்கம்.

படி 10: எழுதுவது

முதலில் ஒரே வாக்கியத்தில் உங்கள் வாதத்தை எழுதுங்கள். யாராவது மறுத்துப் பேச முடிந்தால்தான் அது வாதம். "ப்ளேக் லண்டனின் துன்பத்தைக் காட்டுகிறார்" என்பதை யார் மறுப்பார்கள்? அதற்குப் பதில் இப்படி: "ப்ளேக்கின் லண்டனில் ஒடுக்கப்பட்டவர்களின் குரல் இரக்கத்துக்காகக் கெஞ்சவில்லை, தன்னை ஒடுக்கிய நிறுவனத்தின் மேல் போய்த் தாக்குகிறது."

அப்புறம் பத்திகள். ஒவ்வொன்றிலும் ஒரு தொடர், அதன் இலக்கணமோ ஒலியோ, அதிலிருந்து வாதத்துக்கு ஒரு பாலம். மாதிரிக்கு ஒன்று:

"படைவீரனின் பெருமூச்சு அவனோடு அடங்கிவிடவில்லை. 'ரத்தமாய் வழிகிறது' என்ற பயனிலைக்கு எழுவாய் அந்தப் பெருமூச்சுதான். அது சென்று சேரும் இடம் அரண்மனைச் சுவர். போர்க்களம் கவிதையில் இல்லவே இல்லை. குற்றம் நடந்த இடத்தை விட்டுவிட்டு, குற்றத்துக்கு உத்தரவிட்ட இடத்தில் ரத்தத்தைக் காட்டுவதன் மூலம் பொறுப்பு யாருடையது என்பதை ப்ளேக் இலக்கணத்தாலேயே தீர்ப்பளிக்கிறார்."

வரலாற்றுச் செய்தி இந்தப் பத்தியில் ஒன்றும் இல்லை. வேண்டுமானால் 1793 போரை ஒரு துணை வாக்கியமாகச் சேர்க்கலாம். வரலாறு ஒரு சொல்லை விளக்கினால் உள்ளே வரட்டும், இல்லையென்றால் வேண்டாம்.

ஒப்பீடு கேட்டிருந்தால் வேர்ட்ஸ்வொர்த்தின் வெஸ்ட்மின்ஸ்டர் பாலக் கவிதை சரியான துணை. 1802 செப்டம்பர் 3 என்ற தேதியைத் தலைப்பிலேயே தாங்கிய அந்தக் கவிதையில் விடிகாலை லண்டன் புகையில்லாமல் மின்னுகிறது, வீடுகள்கூட உறங்குகின்றன, தேம்ஸ் தன் விருப்பப்படி ஓடுகிறது. ப்ளேக்கின் ஆறு பட்டயத்துக்கு உட்பட்டது. இந்த ஒரு வேறுபாட்டை வைத்தே இரண்டு பக்கம் எழுதலாம். வேர்ட்ஸ்வொர்த்தைக் குறைத்துப் பேச வேண்டியதில்லை. அவர் நிற்கும் நேரத்தில் யாரும் விழித்திருக்கவில்லை, ப்ளேக்கின் நள்ளிரவில் ஒருவரும் உறங்கவில்லை.

எழுதி முடித்ததும், இதே முறையை 'ஹோலி தேர்ஸ்டே' என்று இரண்டு தொகுப்பிலும் ஒரே தலைப்பில் உள்ள கவிதைகளில் முயன்று பாருங்கள். இரண்டிலும் ஏழைக் குழந்தைகள் வருகிறார்கள். முதலாவதில் அவர்களை அழைத்துச் செல்வது யார், இரண்டாவதில் அவர்களுக்கு உணவிடும் கையை ப்ளேக் என்ன அடைமொழியால் அழைக்கிறார் என்பதிலிருந்து தொடங்குங்கள்.